நாடா வேகமும் திம்பிலாவின் சுதியும்

மார்ச் 4
திம்பிலா (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் கருவி) இசை பதிவான, 1950களின் கால் அங்குல நாடாச் சுருள்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் பக்கவாட்டில் வெளிச்சம் ஊடுருவுகிறது: அசிட்டேட். பாலியெஸ்டர் என்றால் இருட்டாகவே தெரியும். இரண்டு சுருள்களில் காடி நெடி, அசிட்டேட் சிதையத் தொடங்கியதன் அடையாளம். அவற்றைத் தனியே எடுத்து, முதலில் கணினியில் பதிவு செய்ய வேண்டும். அசிட்டேட்டை அடுப்பில் சூடாக்கக் கூடாது. அந்த வைத்தியம் பசை கசிந்து ஒட்டும் பாலியெஸ்டர் நாடாவுக்கு மட்டுமே. அசிட்டேட் முறிந்தாலும் சுத்தமாக முறியும், பின்பக்கம் ஒட்டிவிடலாம். பாலியெஸ்டர் இழுபட்டால் இழுபட்டதுதான்.

மார்ச் 6
ஒவ்வொரு சுருளுக்கும், நாடாவைப் படிக்கும் ஹெட்டின் சாய்வைத் திருகி, கீச்சொலி மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்தம். 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கம் கிடையாது. மொசாம்பிக்கின் சொப்பி மக்கள் திம்பிலாவில் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே மசாலாப் பழ ஓடு கட்டி (மசாலா அங்கே காட்டுப் பழம், நம் அம்மி மசாலா அல்ல), அதன் துளையில் சவ்வு ஒட்டுவார்கள். அந்தச் சவ்வின் ரீங்காரத்தை மென்பொருள் இரைச்சல் என்று நினைத்துத் துடைத்துவிடும்.

மார்ச் 7
நாள் முழுக்க வேகம்தான். 1 சதவீதம் பிசகினால் சுதி 17 சென்ட் நகரும் (சென்ட் என்பது அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு). பிசகு சீராக இருந்தால் சுரங்களின் இடைவெளி மாறாது, ஆதார சுதி மட்டும் பொய் சொல்லும். ஓட ஓட வேகம் மாறும் நாடாவில் இடைவெளியும் கெடும். எண்மத்தை (ஒரு ச முதல் மேல் ச வரை) ஏழாகச் சமமாகப் பிரித்தால் ஒரு படி 171 சென்ட். திம்பிலா அதை ஒட்டியே நிற்கிறது. அதைச் சோதிக்கும்போது இந்தப் பிசகு கழுத்தை அறுக்கும்.

வேகத்தைச் சரிபார்க்க, மின்சார முணுமுணுப்பு 50 ஹெர்ட்ஸில் இருக்கிறதா என்று பார்ப்பது வழக்கம். ஜெனரேட்டரில் ஓடிய களப்பதிவில் அதை நம்ப முடியாது. இங்கேதான் ஆப்பிரிக்க இசையைக் களத்தில் பதிவு செய்த ஹியூ டிரேசியின் இசைக்கவைகள் கைகொடுக்கின்றன: 212 முதல் 424 ஹெர்ட்ஸ் வரை, 4 ஹெர்ட்ஸ் இடைவெளியில் 54 கவைகள். கட்டையோடு ஒப்பிட்டு, விம்மல்களை (நெருங்கிய இரு சுதிகள் சேரும்போது ஒலி ஏறி இறங்குவதை) எண்ணி இடைப்பட்ட அளவைக் கணிக்கலாம். கவையால் அளந்ததைக் குறித்த அட்டையில் 252, நாடாவில் 257 என்று வந்தால் 2 சதவீத வேகம் கூடுதல். எல்லாக் கட்டைகளும் அதே விகிதத்தில் ஏறியிருந்தால் மட்டுமே திருத்தம்; ஒன்றே ஒன்று விலகினால் அளவீட்டையோ கட்டையையோதான் சந்தேகிக்க வேண்டும். கீழ்க்கோடியில் 4 ஹெர்ட்ஸ் என்பது 32 சென்ட், மேல்கோடியில் 16. ஆகவே கீழ்ச்சுரங்களை வைத்து முடிவு கட்டுவது ஆபத்து.

மார்ச் 11
சுதி அளக்கும் செயலியில் அளவை 12 சுரங்களில் நெருங்கியதற்கு முழுமையாக்கும் வசதியை அணைத்தாயிற்று. ரீங்காரத்தால் அது அடிக்கடி எண்மம் தாவுகிறது. காதால் சரிபார்க்காமல் எந்த எண்ணும் அட்டவணையில் ஏறாது. திருத்திய வேகத்தின் கோப்பு தனி, திருத்தாதது தனி, அட்டையின் படம் இரண்டோடும்.