திண்ணையில் தொடங்கிய பள்ளிக்கூடம்

பழைய வீடுகளின் திண்ணையைப் பார்க்கும்போதெல்லாம், அங்கே வரிசையாக அமர்ந்து மணலில் எழுதிய பிள்ளைகளே என் நினைவுக்கு வருகிறார்கள். ஆசிரியர் குழந்தையின் விரலைப் பிடித்து மணலில் ‘அ’ என்று எழுத வைப்பார். கை பழகிய பிறகே ஓலையும் எழுத்தாணியும் கிடைக்கும். கீறிய ஓலையில் எழுத்து கண்ணுக்குத் தெரியாது என்பதால், விளக்குக்கரியை இலைச்சாற்றில் குழைத்துப் பூசித் துடைப்பார்கள். கோடுகளில் மட்டும் கருமை தங்கிவிடும். எண்சுவடியின் வாய்பாடுகளை உரக்கச் சொல்லியே மனப்பாடம் செய்தார்கள். அமாவாசையும் பௌர்ணமியும் விடுமுறை நாட்கள்.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டு நடத்திய கணக்கெடுப்பில், பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 இருந்தன. அவற்றில் 1,88,650 பேர் படித்தனர். ஆனால் பெண்பிள்ளைகள் மிகச் சிலரே. ஒடுக்கப்பட்ட சாதியினருக்குப் பெரும்பாலும் இடமில்லை. இந்தக் குறையை மறைத்துவிட்டுத் திண்ணைப் பள்ளியைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குப் பாடம் சொல்லித்தருவது இப்பள்ளிகளின் வழக்கம். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதியில் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் அங்கே வளர்த்து, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தின் பள்ளிகளில் அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரிலேயே பரவியது.