காங்கோவின் கோமா நகர நாட்குறிப்பு: சுருவா

2019 நவம்பர் 29

பியாகாட்டோ, மங்கினா ஊர்களில் எபோலா பணியாளர்களைத் தாக்கி நால்வரைக் கொன்றுவிட்டார்கள். தடுப்பூசிக் குழுவைச் சேர்ந்த ஒருவர், ஓட்டுநர்கள் இருவர், ஒரு காவலர். செய்தி வந்ததும் செவிலியர் அறையில் யாரும் பேசவில்லை. வாசலில் குளோரின் வாளி வழக்கம்போல் நிரம்பியது. எங்கள் குழந்தைகள் வார்டில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். இவர்களில் ஒருவருக்கும் எபோலா இல்லை. எல்லோருக்கும் தட்டம்மை.

டிசம்பர் 8

மசிசிப் பக்கமிருந்து ஒரு தாய், நான்கு வயது மகளை முதுகில் கட்டிக்கொண்டு இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறாள். கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்தாளாம். இங்கே தாய்மாரை 'மாமா' என்றுதான் அழைக்கிறோம். என் தமிழ்க் காது அதற்குப் பழகச் சில வாரங்கள் ஆயின.

கறுத்த தோலில் தடிப்பு கண்ணுக்கு எளிதில் தெரிவதில்லை. காதுக்குப் பின்னால் விரலால் தடவினேன். மணல் தூவியது போல நெருடியது. மணல்வாரி என்று நம் பாட்டிமார் பெயர் வைத்தது எத்தனை பொருத்தம்! சுவாஹிலியில் இதைச் சுருவா என்கிறார்கள்.

புஜத்தில் அளவு நாடாவைச் சுற்றினேன். கடும் ஊட்டச்சத்துக் குறைவைக் காட்டும் சிவப்பில் வந்து நின்றது, 11 சென்டிமீட்டர். வைட்டமின் ஏ மாத்திரையின் நுனியை வெட்டி, எண்ணெயை வாயில் பிழிந்தேன். கண்ணாவது தப்பட்டும்.

தந்தை ரூபாயா சுரங்கத்தில் கோல்டான் என்னும் தாதுவைத் தோண்டுகிறார். அதிலிருந்து எடுக்கும் டான்டலம் கைப்பேசிகளுக்குள் போகிறது. இவளுக்குத் தடுப்பூசி போட்டதில்லை. கிராமத்தில் இருந்த சுகாதார நிலையத்தை ஆயுதக் குழு சூறையாடியதாம். குளிர்பெட்டி இல்லாத ஊருக்கு மருந்தை எப்படிக் கொண்டுபோவது?

டிசம்பர் 11

நிமோனியா. விடியற்காலை நான்கு மணிக்குப் போய்விட்டாள்.

"போலே, மாமா" என்றேன். துயரத்துக்கு இங்கே சொல்லும் சொல் அது. அவள் கித்தெங்கே துணியை உதறி, மகளை அதில் சுற்றி, மீண்டும் முதுகில் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். நாங்கள் இருவர் சேர்ந்து கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது. பிறகு அடக்கத்துக்கு வண்டி கிடைத்தது.

2020 ஜனவரி 8

உலகச் சுகாதார நிறுவனம் நேற்று சொன்ன கணக்கு: 2019 தொடக்கத்திலிருந்து தட்டம்மை என்று சந்தேகிக்கப்படுபவர்கள் ஏறக்குறைய 3,10,000 பேர்; இறப்பு 6,000-ஐத் தாண்டிவிட்டது. நாட்டின் கிழக்கே 2018 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட எபோலாவில் இறந்தவர்கள் 2,200-க்குச் சற்று மேல். எபோலாவுக்குச் செய்தது வீண் என்று நான் சொல்லமாட்டேன், அதற்காக உயிரையே கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தடுப்பூசி உள்ள நோய்க்கு இத்தனை பிள்ளைகளா? நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

சர்வதேச மீட்புக் குழு 2008-இல் வெளியிட்ட ஆய்வு நினைவுக்கு வந்தது. 1998-லிருந்து காங்கோவில் போரின் விளைவாக 54 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்று அது மதிப்பிட்டது. அவர்களில் பெரும்பாலோர் குண்டடி பட்டவர்கள் அல்லர். மலேரியா, வயிற்றுப்போக்கு, நிமோனியா, பசி. பாதிக்குச் சற்றுக் குறைவானோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஊரை விட்டு ஓடிய குடும்பத்தில் காய்ச்சல் கண்ட பிள்ளையைப் போர் கொன்றதாக யாரும் எழுதுவதில்லை. டிசம்பர் 11-இன் பதிவேட்டில் என் கையெழுத்திலும் 'நிமோனியா' என்றுதான் இருக்கிறது.

ஜனவரி 14

அந்தத் தாய் திரும்பி வந்தாள். இடுப்பில் பத்து மாதப் பையன்.

தடுப்பூசி மருந்தைக் கரைத்தால் ஆறு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அரை மில்லி. அவன் வீறிட்டு அழுதான். அவள் அழவில்லை. தடுப்பூசி அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, தேதியைப் படித்துக் காட்டச் சொன்னாள். பின்னர் கித்தெங்கேயின் முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே சிறிய பிளாஸ்டிக் பையில் அவளுடைய வாக்காளர் அட்டையும் கொஞ்சம் பணமும் இருந்தன. ஓட வேண்டி வந்தால் எடுத்துக்கொண்டு ஓடுவது அந்தப் பையைத்தான் என்றாள். தடுப்பூசி அட்டையை மடித்து அதற்குள் வைத்து, முடிச்சை இரண்டு முறை இறுக்கினாள்.