திருகோணமலையில் டெங்கு, கையில் காசில்லை

நாகப்பட்டினத்தில் கப்பலேறி காங்கேசன்துறையில் இறங்கி, யாழ்ப்பாணம், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு என்று பஸ்ஸிலேயே இலங்கையைச் சுற்றுவதுதான் திட்டம். 2024 ஆகஸ்ட்டில் அந்தக் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கிய நாளிலிருந்து இருந்த ஆசை. மட்டக்களப்பை நான் இன்னும் பார்க்கவில்லை. திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், பிரெட்ரிக் கோட்டைக்குள் மான்கள் மேயும் இடத்தில் சற்று உட்கார்ந்தேன்; எழுந்திருக்க முடியவில்லை. குளிர் தூக்கிப் போட்டது. கண்ணை உருட்டினால் கண்ணுக்குப் பின்னால் வலித்தது. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது.

உப்புவெளியில் நான் தங்கியிருந்த வீட்டு அக்கா என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "தம்பி, பனடோலைத் தவிர வேற ஒண்டும் போட்டிடாதேங்கோ." நம் ஊர் பாராசிட்டமாலுக்கு அங்கே பனடோல் என்று பெயர். 2017இல் இலங்கை முழுக்க 1,86,000 பேருக்கு மேல் டெங்கு வந்த வருடத்தில், பக்கத்துக் கிண்ணியா பட்ட பாடு இந்த ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. என் பையில் உடம்பு வலிக்கென்று வாங்கி வைத்திருந்த டைக்ளோஃபெனாக் மாத்திரையை அவரே எடுத்து அலமாரி மேல் வைத்துவிட்டார். டெங்கு என்றால் அதுவும், ஆஸ்பிரினும், ஐபுப்ரோஃபனும் ரத்தக் கசிவைக் கூட்டும். மறுநாள் லேபில் என்.எஸ்.1 பரிசோதனை பாசிட்டிவ். காய்ச்சலின் முதல் சில நாட்களிலேயே டெங்குவைக் காட்டிக் கொடுக்கும் பரிசோதனை அது.

லேபுக்குக் காசு கொடுத்தபோதுதான் பர்ஸின் நிலைமை உறைத்தது. யாழ்ப்பாணத்தில் ஒழுங்காகப் பணம் கொடுத்த கார்டை இங்கே ஏ.டி.எம். ஏற்கவில்லை. என் வங்கி, மோசடி என்று சந்தேகப்பட்டு அதை முடக்கியிருந்தது. விடுவிக்க வேண்டுமானால் பதிவு செய்த எண்ணுக்கு வரும் ஓ.டி.பி.யைச் சொல்ல வேண்டும். ரோமிங்கில் எல்லா எஸ்.எம்.எஸ்.ஸும் வந்தன, அந்த ஓ.டி.பி.யைத் தவிர. வாடிக்கையாளர் சேவையில் பேசிய பெண் கடைசியில், "சார், உங்க ஹோம் பிராஞ்சுக்கு நேரில் போய் எழுதிக் கொடுங்க" என்றார். என் பிராஞ்ச் மயிலாடுதுறையில் இருக்கிறது. யு.பி.ஐ. 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் செல்லும், க்யூ.ஆர். வைத்திருக்கும் பெரிய கடைகளில் எனக்கு வேலையும் செய்தது. ஆனால் ஆட்டோவுக்கும் இளநீருக்கும் நோட்டு வேண்டும். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். அட்மிஷனுக்கு முன்பணமாகக் கேட்ட தொகை, என்னிடம் இருந்ததைப்போல் பல மடங்கு.

சரி, அரசின் பெரியாஸ்பத்திரிதான். வெளிநோயாளர் பிரிவில் வரிசை, ஒரு துண்டுச் சீட்டு, ஒரு ரத்தப் பரிசோதனை, வார்டு. கட்டிலுக்கோ மருந்துக்கோ அங்கே யாரும் என்னிடம் காசு கேட்கவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். தட்டு, கோப்பை, போர்வை எல்லாம் நாம் கொண்டுபோக வேண்டும். அக்கா தன் வீட்டிலிருந்து கொடுத்தனுப்பினார்.

டெங்குவுக்கென்று தனி மருந்து கிடையாது. தண்ணீர்தான் வைத்தியம், அதுவும் அளந்து. கட்டிலோடு ஓர் அட்டை கட்டியிருந்தார்கள். குடித்ததெல்லாம் ஒரு பக்கம், சிறுநீர் இன்னொரு பக்கம், இரண்டும் மில்லிலிட்டரில். ஜீவனி என்ற உப்பு-சர்க்கரைக் கரைசல், கஞ்சி, செவ்விளநீர் எல்லாம் கணக்கில் வரும். சிவப்பு, பழுப்பு நிறத்தில் எதுவும் குடிக்கக் கூடாது; வாந்தி வந்தால் அது ரத்தமா, தேநீரா என்று தெரியாமல் போகும் என்பது காரணம். ஒருநாள் அக்கா மூன்று செவ்விளநீரோடு வந்தார். மிஸ்ஸி (நர்ஸை அங்கே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்) ஒன்றை மட்டும் வெட்டச் சொல்லி, அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்து எழுதிவிட்டு, மற்ற இரண்டையும் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். குறைவாகக் குடித்தால்தான் ஆபத்து என்று நினைத்திருந்தேன். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிகிற நேரத்தில் அதிகம் குடித்தாலும் அது நெஞ்சிலும் வயிற்றிலும் போய்த் தேங்குமாம்.

பிறகு ஒருநாள் காலையில் காய்ச்சல் சுத்தமாக விட்டது. பசித்தது. திரும்பும் கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. யாழ்ப்பாணம் போக பஸ்ஸுக்கு மட்டும் காசு இருந்தது. இன்னும் இரண்டு நாள் கழிந்தால் அதுவும் இருக்காது. அதனால் டாக்டரிடம், "காய்ச்சல்தான் போயிடுச்சே, எழுதிக் கொடுத்தீங்கன்னா கிளம்பிடுவேன்" என்றேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அட்டையைத் திருப்பிக் காட்டினார். பிளேட்லெட் 1,18,000இலிருந்து 62,000க்கு வந்திருந்தது. ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் பி.சி.வி. ஏறியிருந்தது. "காய்ச்சல் விடுற நேரம்தான் தம்பி எங்களுக்குப் பயம். இனி வாற 24 மணித்தியாலம், 48 மணித்தியாலம். நீங்க அந்த நேரம் போற வழியில, ஹொரவப்பொத்தானையில பஸ்ஸுக்குள்ள இருப்பீங்க. பிரஷர் விழுந்தா ஆர் பாக்கிறது?"

கையில் போதுமான பணம் இருந்திருந்தால் அந்தக் காலை எனக்குக் கிளம்பத் தோன்றியிருக்காது. காசு தீரப் போகிறது என்ற கணக்குதான் என்னை எழுப்பி உட்கார வைத்தது. மறுநாள் பிளேட்லெட் 41,000. அடுத்த சோதனையில் கொஞ்சம் ஏறியது. பிறகு உள்ளங்கையும் உள்ளங்காலும் தாங்க முடியாமல் அரித்தன. அரிப்பு வந்தால் நல்லதுதான், தேறுகிறீர்கள் என்றார்கள்.

இதற்கிடையில் ஊரில் என் தம்பி அலைந்துகொண்டிருந்தான். இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவது இவ்வளவு கெடுபிடி என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. வெஸ்டர்ன் யூனியன் மாதிரியான சேவைகளில் இந்தியாவுக்குள் பணம் வரலாம், அந்த வழியே வெளியே போக முடியாது. வங்கி வழியாக அனுப்ப பான் எண், ஏ2 என்ற அந்நியச் செலாவணிப் படிவம், பெறுகிறவருக்கு அங்கே ஒரு வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். எனக்கு இலங்கையில் ஏது கணக்கு? பக்கத்துக் கட்டிலுக்கு வந்துபோன ஒருவர் சுலபமான வழி சொன்னார்: சென்னையில் அவர் சொந்தக்காரரிடம் தம்பி கட்ட வேண்டியது, இங்கே அவர் எனக்கு எண்ணிக் கொடுப்பார். உண்டியல், அதாவது ஹவாலா. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அது இந்தியாவில் சட்டவிரோதம், பாஸ்போர்ட்டோடு வெளியூரில் படுத்திருப்பவன் செய்கிற வேலை இல்லை. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது; ஆதரவில்லாமல் மாட்டிக்கொண்ட இந்தியருக்கு உதவ 2009இலிருந்து ஒரு நல நிதியும் இருக்கிறது. அந்த எண்ணை எழுதி வைத்தேன், தேவைப்படவில்லை.

கடைசியில் துபாயில் இருக்கும் பெரியப்பா மகன் நினைவுக்கு வந்தான். வளைகுடாவிலிருந்து இலங்கைக்குப் பணம் வருவது அன்றாடம் நடப்பது. வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் கட்டி, பணத்தை எடுக்க நான் சொல்ல வேண்டிய பத்து இலக்க எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டான். பணம் வந்தது டவுனுக்கு, நான் இருந்தது வார்டில். பாஸ்போர்ட்டோடு ஆள் நேரில் போனால்தான் கொடுப்பார்கள். அதுவரை அக்காவின் தயவில்தான் ஓடியது.

டிஸ்சார்ஜ் ஆனதும் நேராக அங்கேதான் ஆட்டோவை விடச் சொன்னேன். கவுண்டரில் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பணம் அனுப்பிய அண்ணன், எங்கள் வீட்டு வழக்கப்படி இனிஷியல் போட்டு என் பெயரை எழுதியிருந்தான். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக, கடைசிப் பெயராக இருக்கிறது. "இது வேற ஆள் எண்டுதான் சிஸ்டம் சொல்லும் தம்பி. அனுப்பினவர்தான் மாத்தோணும்." துபாயில் அப்போது மதியச் சாப்பாட்டு நேரம். அவன் போய்த் திருத்தும் வரை அங்கேயே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன். வெளிநாட்டில் இருக்கும் யாரிடமாவது பணம் கேட்கிறீர்களா? பாஸ்போர்ட்டின் பெயர்ப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பி, அதிலுள்ளபடியே எழுத்துக்கூட்டி எழுதச் சொல்லுங்கள். நம் ஊர் இனிஷியல் எல்லைக்கு வெளியே செல்லாது.

அக்கா அறை வாடகையை எண்ணி வாங்கிக்கொண்டார். கஞ்சிக்கும் இளநீருக்கும் காசு நீட்டியபோது முறைத்தார். இரண்டாம் முறை நீட்டவில்லை. யாழ்ப்பாணத்துக்கு பஸ், தேதி மாற்றிய டிக்கெட்டில் கப்பல். புது கார்டு ஒரு வாரத்தில் தபாலில் வந்தது.

பயணக் காப்பீடு எடுத்திருந்தேன். ஆஸ்பத்திரி கொடுத்த நோய் நிர்ணய அட்டையை வைத்து விண்ணப்பித்தேன். "பில் எங்கே?" என்று கேட்டார்கள். பில் இல்லை, அரசு ஆஸ்பத்திரி, பணம் வாங்கவில்லை என்று எழுதினேன். பணம் கட்டாத சிகிச்சைக்கு ஈடு கிடையாது என்று பதில் வந்தது. அதில் தப்பு சொல்ல முடியாது. லேப் ரசீது இருந்ததால் அந்தத் தொகையை மட்டும் கொடுத்தார்கள்.