மொட்டை மலை என்று நான் நினைத்த இடம்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில், ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவருகே முதன்முதலாக வரையாட்டைப் பார்த்தபோது எனக்கு ஏமாற்றமே மிஞ்சியது. தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்று படித்துவிட்டுப் போயிருந்த எனக்கு, சாலையோரத்தில் அசைபோட்டுக்கொண்டிருந்த அது ஊர் ஆட்டைப் போலவே தெரிந்தது.

மூணாறை அடுத்த இராஜமலைக்குப் போன பிறகே அதன் அருமை விளங்கியது. 2695 மீட்டர் உயர ஆனைமுடியைத் தன்னுள் கொண்ட இரவிகுளம் தேசியப் பூங்காவின் ஒரு பகுதி அது. நிமிர்ந்து பார்த்தாலே தலை சுற்றும் பாறைச் சரிவில் ஒரு பெட்டையும் குட்டியும் நிதானமாக நடந்தன. 'வரை' என்றால் மலை. சங்கப் புலவர்கள் வரையாட்டை 'வருடை' என்றனர். சிறுத்தையும் செந்நாயும் துரத்தினால் வரையாடுகள் ஓடி ஏறுவது இந்தப் பாறைகளுக்குத்தான். மேய்வதோ அவற்றை ஒட்டிய புல்வெளியில். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் அவற்றுக்கு அங்கே வாழ்வில்லை. (ஆடு என்கிறோமே தவிர, மரபணு ஆய்வின்படி இதற்கு நெருங்கிய உறவு வெள்ளாடு அல்ல, செம்மறிதான்.)

அந்தப் புல்வெளியை நான் காடழிந்த மொட்டை மலை என்றே எண்ணியிருந்தேன். பள்ளங்களில் சோலைக்காடும் மேடுகளில் புல்லுமாக அமைந்திருப்பது இயற்கையின் ஏற்பாடு என்பதும், உறைபனி விழும் திறந்த சரிவில் சோலை மரக்கன்றுகள் பிழைப்பது அரிது என்பதும், மழைநீரை மண்ணில் தேக்கிச் சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுவதில் இந்தப் புல்லுக்குப் பெரும் பங்குண்டு என்பதும் பிறகு படித்துத்தான் தெரிந்தன. என்னைப் போலவே நினைத்த ஆங்கிலேய ஆட்சியாளர்களும் இவற்றைத் தரிசு என்று கருதி, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை (வாட்டில்) மரங்களை நீலகிரியில் நட்டார்கள். விடுதலைக்குப் பின்னும் நடவு நிற்கவில்லை. பசுமை பெருகியது, வரையாட்டின் மேய்ச்சல் நிலம் சுருங்கியது.

வரையாடுகளை 1975-இல் ஆராய்ந்த முன்னோடி இ. ஆர். சி. டேவிடாரின் நினைவாக அக்டோபர் 7-ஐத் தமிழக அரசு வரையாடு தினமாக அறிவித்துள்ளது. புல்வெளி மீட்பு வேலையும் தொடங்கியிருக்கிறது. ஆனால் சீகையை வெட்டுவதோடு அந்த வேலை முடிவதில்லை: மண்ணில் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும் அதன் விதைகள், வெட்டிய இடத்தில் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கின்றன, அவற்றை மறுபடியும், அதற்கடுத்த ஆண்டும் பிடுங்க வேண்டியிருக்கிறது.