பன்னிரண்டாம் பக்கம்

வங்கிக் கடன் பத்திரத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தார்கள். பதினேழு இடம்.

பன்னிரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது. "வட்டி விகிதம் மாறுதலுக்கு உட்பட்டது." மற்ற எழுத்தைவிடப் பொடி எழுத்து. (கண்ணாடியைக் கழற்றினால்தான் எனக்குப் படிக்க வருகிறது, அது வேறு கதை.)

அதாவது, வட்டி ஏறினால் அடி எனக்கு. வங்கி ஒதுங்கிக்கொண்டது.

அப்படித்தான் அது நினைக்கிறது.

1997க்கு முன் தாய்லாந்தில் பல வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வட்டி குறைவென்று வெளிநாட்டில் டாலரில் கடன் வாங்கின. உள்ளூர் கம்பெனிகளுக்கும் டாலரிலேயே கொடுத்தன. கணக்கேட்டில் இரண்டு பக்கமும் டாலர், கச்சிதம்! டாலர் விலை ஏறினாலும் அடி வங்கிக்கு இல்லை. ஆனால் கடன் வாங்கியவர்களில் பலர் சம்பாதித்தது பாட் நாணயத்தில்.

1997 ஜூலை 2ஆம் தேதி பாட்டின் மதிப்பை மிதக்க விட்டார்கள், அதாவது பிடித்து வைக்காமல் சந்தையின் போக்கில் விட்டுவிட்டார்கள். அதுவரை டாலருக்குச் சுமார் 25 பாட். அடுத்த ஜனவரியில் 50ஐத் தாண்டிவிட்டது.

வருமானம் அதே, கடன் இரண்டு மடங்கு. எப்படிக் கட்டுவார்கள்? வங்கி தள்ளிவிட்ட ரிஸ்க், வாராக்கடன் என்று பெயரை மாற்றிக்கொண்டு வங்கி வாசலுக்கே திரும்பி வந்தது. 1997 டிசம்பரில் மட்டும் 56 நிதி நிறுவனங்களை இழுத்து மூடினார்கள்.

"சார், இன்னும் அஞ்சு இடம் இருக்கு" என்றார் அதிகாரி.

சரியென்று போட்டுக் கொடுத்தேன்.