விசா ஸ்டாம்பிங் ஆகும்வரை எதையும் விற்காதீர்கள்

எனக்கு அமெரிக்க வேலை விசாவுக்கான இன்டர்வியூ டிசம்பர் மூன்றாவது வாரம் இருந்தது. இப்போது மே மாதம் என்கிறார்கள். என்ன நடந்தது என்று இந்த வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி (வேலை விசா), எச்-4 (அதில் போகிறவரின் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகளுக்கான விசா) விண்ணப்பதாரர்கள் எல்லாருடைய சமூக ஊடகக் கணக்குகளையும் பார்த்த பிறகுதான் விசா என்று அமெரிக்க வெளியுறவுத் துறை அறிவித்தது. ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் பிடித்தால் ஒரு நாளைக்குக் கூப்பிடுகிற ஆட்களைக் குறைத்துத்தானே ஆகவேண்டும், அதனால் இந்தியாவில் டிசம்பர் ஸ்லாட்டுகள், அதாவது இன்டர்வியூ தேதிகள், பல மார்ச்சுக்கும் அதைத் தாண்டியும் போய்விட்டன. தேதி மாறியதாக மெயில் வந்தபிறகும் பழைய தேதியில் போய் நின்றால் உள்ளே விடமாட்டோம் என்று பொது அறிவிப்பே வந்தது. கைரேகை, போட்டோ எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு அந்த மெயிலை வாங்கினவர்கள் நிறையப் பேர். நானும் அதில் ஒருத்தி.

இதில் யாரையும் திட்டி எழுத எனக்கு ஆசையில்லை. அவர்கள் நாடு, அவர்கள் சட்டம். ஆனால் தள்ளிப்போன தேதியோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை, அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொல்லை ஆபீஸிலிருந்துதான். எனக்காகக் கம்பெனி போட்ட எச்-1பி மனு, அதாவது பெட்டிஷன், அப்ரூவ் ஆனதும் இங்கே செய்துகொண்டிருந்த வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றச் சொன்னார்கள், கே.டி. (வேலையைக் கற்றுக்கொடுத்து ஒப்படைப்பது) எல்லாம் கொடுத்து முடித்தாயிற்று. அங்கே இருக்கிற வேலையோ நான் போனால்தான் ஆரம்பிக்கும். அமெரிக்கச் சம்பளம் அங்கே போய் இறங்கியபிறகுதான், அதுவரை இங்கத்திய சம்பளம், அதுவும் புராஜெக்ட் எதுவும் இல்லாமல் பெஞ்சில். பெஞ்சில் இருப்பது சுகம் என்று நினைக்கிறவர்கள் ஒருமுறை இருந்து பார்க்கட்டும். மேனேஜர் அழைத்தால் நெஞ்சு பக்கென்கிறது. அதனால் வெட்கப்படாமல் நானே பழைய டீமில் போய், தேதி வரும்வரை ஏதாவது கொடுங்கள் என்று கேட்டு, டெஸ்டிங் வேலையில் பாதியை வாங்கிக்கொண்டேன். "போகப்போற பொண்ணு, உனக்கு எதுக்கு இது?" என்றார் டீம் லீட். போகிற வரைக்கும் இங்கேதானே இருக்கிறேன் சார் என்றேன்.

இந்தப் "போகப்போற" என்கிற பட்டம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கொல்கிறது. நிச்சயம் முடிந்து முகூர்த்தம் குறிக்காத பெண் மாதிரி. பிறந்த வீட்டிலும் ஒட்டாது, புகுந்த வீட்டுக்கும் போகமுடியாது. ஃபிரிட்ஜ் ரிப்பேரானால், போகப்போறோமே இப்போ எதுக்குப் புதுசு என்று தோன்றும். தெரு முனை கடையில் மாசச் சாமான் வாங்கப்போனால் ஒரு கிலோ பருப்பு போதுமா, ரெண்டு கிலோவா என்று குழம்பும். எங்கள் அடுக்ககத்தில் ஒரு குடும்பம் காரையும் சோபாவையும் விற்று, வீட்டு ஓனரிடம் காலி செய்வதாகச் சொல்லி அட்வான்ஸையும் திரும்ப வாங்கிவிட்டார்கள். இன்டர்வியூ தள்ளிப்போனதும் அதே தெருவில் வேறு வீடு, வாடகைக் கட்டில், வாடகை வாஷிங் மெஷின். அந்த அக்காவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒன்றுதான் தோன்றும்: பாஸ்போர்ட்டில் விசா ஒட்டி (அதுதான் ஸ்டாம்பிங்) கைக்கு வரும்வரை ஒரு ஸ்பூனைக்கூட விற்கக்கூடாது. இன்டர்வியூ முடிந்து "அப்ரூவ்ட்" என்று சொன்னாலும்கூட இன்னும் ஆவணமோ பரிசீலனையோ வேண்டும் என்கிற 221(ஜி) சீட்டு வந்து பாஸ்போர்ட் வாரக்கணக்கில் அங்கேயே கிடந்த கதைகள் உண்டு.

என் வீட்டுக்காரர் வேலை விஷயம்தான் நாங்கள் அதிகம் சண்டை போட்ட விஷயம். அவருக்கு 3 மாத நோட்டீஸ். முன்கூட்டியே பேப்பர் போட்டு ராஜினாமா செய்துவிட்டால் மூன்று பேரும் சேர்ந்தே கிளம்பலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் எச்-4இல் வருகிறவர் அங்கே வேலை செய்ய முடியாது. எச்-1பிக்காரரின் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு அப்ரூவ் ஆனால்தான் பெரும்பாலும் எச்-4காரருக்கு வேலை அனுமதியே கேட்க முடியும், அதெல்லாம் போனவுடனே நடக்கிற காரியமா? அங்கே போனால் அவர் சம்பளம் நிற்கப்போகிறது என்பது நிச்சயம். பிறகு இங்கேயே எதற்கு முன்கூட்டி நிறுத்தவேண்டும்? கடைசியில் ஸ்டாம்பிங் ஆனதும் நான் முதலில் போவது, அவர் அன்றைக்கே பேப்பர் போட்டுவிட்டு, நோட்டீஸ் முடித்துப் பாப்பாவோடு பின்னால் வருவது என்று முடிவானது. டிபென்டன்ட் பின்னால் வரலாம், முந்திக்கொண்டுதான் போகக்கூடாது. மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. "பச்சைப் பிள்ளைய விட்டுட்டு தனியாவா போவே?" என்று ஒரு வாரம் பேசவில்லை. அப்புறம் அவரே பழவந்தாங்கல் விசா கணபதிக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து பிரசாதம் கொடுத்தார், சரி, சமாதானம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்லாட் பார்க்கிற வியாதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். டெலிகிராமில் அதற்கென்றே குழுக்கள், ராத்திரி 2 மணிக்கு "சென்னை ஓப்பன்" என்று ஒருவர் போடுவார், நூறு பேர் எழுந்து உட்காருவார்கள். அடிக்கடி உள்ளே போய்ப் பார்த்தால் கணக்கு 72 மணிநேரம் முடங்கிப்போகும், பலருக்கு நடந்திருக்கிறது. இதில் ஏஜெண்டுகள் வேறு, பாஸ்வேர்டைக் கொடுங்கள், சீக்கிரத் தேதி எடுத்துத் தருகிறோம், தேதி கிடைத்தபிறகு பணம் கொடுத்தால் போதும் என்று தேனொழுகப் பேசுவார்கள். 2025 மார்ச்சில் இந்தியாவில் பாட் (தானாகத் தேதி பிடிக்கும் மென்பொருள்) வைத்து எடுத்த ஏறக்குறைய 2,000 அப்பாயிண்ட்மெண்டுகளை அமெரிக்கத் தூதரகம் ஒரேயடியாக ரத்து செய்ததே, அதை இவர்கள் சொல்லமாட்டார்கள். போதாக்குறைக்கு, 2025 ஜனவரியிலிருந்து கட்டணமில்லாமல் ஒருமுறைதான் தேதியை மாற்றிக்கொள்ளலாம், அதற்குமேல் மாற்றினால் மறுபடி பணம் கட்டவேண்டும். எச் விசாவுக்குத் தலைக்கு 205 டாலர், எங்கள் வீட்டில் மூன்று தலை. நான் குழுவை மியூட்டில் போட்டுவிட்டேன். காலையில் காபி குடிக்கும்போது ஒருமுறை பார்ப்பேன், அவ்வளவுதான்.

அவசரத் தேதி கேட்கலாமே என்று எல்லாரும் யோசனை சொல்வார்கள். கேட்கலாம், ஆனால் முதலில் சாதாரணத் தேதி ஒன்று கையில் இருக்கவேண்டும், அப்புறம் "எங்கள் புராஜெக்ட் தாமதமாகிறது" என்று கம்பெனி கடிதம் வேண்டும், அது அவசரம்தான் என்று தூதரகத்துக்குத் தோன்றவேண்டும். என் விஷயத்தில் அப்படித் தோன்றவில்லை என்று பதில் வந்தது.

உண்மையில் பயப்படவேண்டிய இடம் வேறு. 2025 செப்டம்பர் 21 முதல், அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற ஆளுக்காகத் தாக்கல் செய்கிற புது எச்-1பி பெட்டிஷனுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று ஆகிவிட்டது. என்னுடையது அதற்கு முந்தியது, மார்ச்சில் நடக்கும் எச்-1பி குலுக்கலில் வந்து கோடையிலேயே அப்ரூவ் ஆனது. காத்திருந்து சலித்துப்போய் கம்பெனி இதைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் இன்னொரு முறை எனக்காக அந்தப் பணத்தைக் கட்டமாட்டார்கள், அது நிச்சயம். அதனால் மாதம் ஒருமுறை இமிகிரேஷன் டீமுக்கு ஒரு மெயில் போடுகிறேன், என் தேதி இது, கிளையண்ட் இன்னும் காத்திருக்கிறாரா, பெட்டிஷன் உயிரோடு இருக்கிறதா என்று. நச்சரிப்பதாக நினைத்தால் நினைக்கட்டும்.

ஒரு சின்ன ஆறுதல் உண்டு. எச்-1பியின் 6 ஆண்டுக் கணக்கில் அமெரிக்காவில் இருக்கிற நாட்கள்தான் சேரும், இங்கே சென்னை மேடவாக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாட்கள் சேராது. ஆனால் ஐ-797இல் (பெட்டிஷன் அப்ரூவ் ஆன அறிவிப்பில்) போட்டிருக்கும் முடிவுத் தேதி நகராது, ஆக முதல் எக்ஸ்டென்ஷன் வேலை சீக்கிரமே வந்து நிற்கும்.

சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் திறந்துவைக்கச் சொல்லியிருக்கிறார்கள். டிஎஸ்-160 விசா விண்ணப்பத்தில் கடைசி 5 வருடக் கணக்குகளைக் கேட்பது 2019இலிருந்தே இருக்கிறது, அதில் எழுதினதும் இப்போது திறந்து வைத்திருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று மட்டும் சரிபார்த்துக்கொண்டேன். என்னுடையதில் கோலப் படங்களும் பாப்பாவின் பிறந்தநாளும்தான். வீட்டுக்காரர் கல்லூரிக் காலத்தில் போட்ட கிரிக்கெட் சண்டைகளைப் படித்துவிட்டு ஒரு மாலை முழுக்கச் சிரித்தோம். அவர் அழிக்கட்டுமா என்றார். இருக்கட்டும், இப்போது அவசரமாக அழித்தால்தான் எதையோ மறைக்கிற மாதிரி இருக்கும் என்றேன்.

"எப்போ கிளம்புறே?" என்ற கேள்விக்கு இப்போதெல்லாம் "பாஸ்போர்ட் வந்ததும் சொல்றேன் பெரியம்மா" என்று ஒரே பதில். மே என்று சொன்னால் ஜூனில் மறுபடி விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

பாப்பாவுக்கு ஜூனில் ஒன்றாம் வகுப்பு. போகப்போறோமே என்று சீட்டை விட்டுவிட வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. போன வாரம் போய் முதல் டெர்ம் ஃபீஸ் கட்டிவிட்டு வந்தேன். பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பாது என்று கவுண்டரிலேயே சொன்னார்கள். தெரியும் என்று சொல்லி ரசீதை வாங்கிக்கொண்டு, யூனிபாரத்துக்கும் அளவு கொடுத்துவிட்டு வந்தோம்.