"கம் ஹிஸான், உஸ்தாத்?"

நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் இருந்தவரை, புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற டர்போவைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு வேலையே கிடையாது. பழுதானதைக் கழற்றி, அதே நம்பரில் புதுசு வாங்கி மாட்டுவோம். ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பார்ப்போம், ஆயில் கசிகிறதா என்று பார்ப்போம், அவ்வளவுதான். எந்த இன்ஜினுக்கு எந்த அளவு என்பதைக் கம்பெனிக்காரன் முன்பே யோசித்து முடித்திருப்பான். ஷார்ஜாவின் தொழிற்பேட்டையான ஸனாயியாவுக்கு வந்த பிறகுதான் அந்த யோசனை என் தலையில் விழுந்தது.

எங்கள் கராஜுக்கு வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் நிஸான் பட்ரோல் ஒய்61. அதில் இருப்பது டிபி48 இன்ஜின்: ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர், 4.8 லிட்டர், இரும்பு பிளாக். கம்பெனியில் இருந்து வரும்போது டர்போ கிடையாது. முந்நூறு குதிரைசக்தியைக்கூடத் தொடாது. ஆனால் அந்த பிளாக் கனமானது. அதை நம்பித்தான் இங்குள்ள பையன்கள் பிஸ்டன், கனெக்டிங் ராட் எல்லாம் அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு வகை போட்டு, ஆயிரம், ஆயிரத்தைந்நூறு குதிரை என்று ஏற்றுகிறார்கள். மணல்மேடு ஏறுவது இங்கே பெரிய விளையாட்டு. அபுதாபி பாலைவனத்தில், லிவாவில் தல் மொரீப் என்று ஒரு மேடு இருக்கிறது, ஏறக்குறைய 300 மீட்டர் உயரம். அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் இவர்களுக்கு ஏன் இத்தனை குதிரை வேண்டியிருக்கிறது என்பது புரியும்.

வருகிறவர்கள் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "கம் ஹிஸான், உஸ்தாத்?" எத்தனை குதிரை, மேஸ்திரி?

அதைக் கணக்குப் போட்டுச் சொல்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை. பெட்ரோல் இன்ஜினில் நிமிடத்துக்கு ஒரு பவுண்டு காற்று உள்ளே போனால் சுமார் பத்து குதிரை வரும். 4.8 லிட்டர் இன்ஜின் 7000 சுற்றில், 1.8 பார் பூஸ்டில் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ ஏற்றும் அழுத்தம்), காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் ஒழுங்காக வேலை செய்தால் நிமிடத்துக்கு 105 பவுண்டு சுமாருக்குக் காற்று குடிக்கும். ஆக, ஆயிரத்துச் சொச்சம். புதிதாக வருகிற பையன்கள் இந்த இடத்தில் ஒரு தப்பு செய்வார்கள். பூஸ்ட் 1.8 என்றால் கம்ப்ரசர் மேப்பில், அதாவது டர்போவின் காற்றுத் தள்ளும் பக்கம் எந்த அழுத்தத்தில் எவ்வளவு காற்றைத் தாங்கும் என்று காட்டும் படத்தில், 1.8-க்கு நேரே புள்ளி வைத்துவிடுவார்கள். அதில் இருப்பது அழுத்த விகிதம். வெளிக்காற்றின் ஒரு பாரையும் சேர்த்து 2.8-இல் வைக்க வேண்டும். ஃபில்டர் இழுக்கும் இழப்பையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் மேலே. நானும் முதல் வருஷம் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். நல்லவேளை, காகிதத்தோடு போயிற்று.

காகிதத்தோடு போகாத தப்பு ஒன்று உண்டு.

இருபத்துமூன்று இருபத்துநாலு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவன் பெரியப்பா மகனின் வண்டி, குதிரையை அளக்கும் டைனோ மெஷினில் 1,300 காட்டியதாம். இவனுக்கு அதற்கு மேல் வேண்டும், அவ்வளவுதான். நான் மேப்பை விரித்து 7000 சுற்றுக்கு மட்டும் புள்ளி வைத்தேன். 140 பவுண்டு காற்றுக்கு எது தாங்கும் என்று பார்த்து, வாய் 94 மி.மீ. இருக்கிற கம்ப்ரசரை எடுத்தேன். சோற்றுப்பானை மூடி அளவு இருந்தது. ரேஸ் பெட்ரோல், 2.6 பார். டைனோவில் 1,380. பையன் அந்தத் தாளைப் படம் பிடித்து, அங்கேயே நின்று பத்துப் பேருக்கு அனுப்பினான். அன்று மதியம் எங்கள் எல்லோருக்கும் மந்திச் சோறும் கறியும் வந்தது.

பத்து நாள் கழித்து வந்தான். சத்தம் எதுவும் போடவில்லை. "உஸ்தாத், மேலே போகவில்லை" என்றான், அவ்வளவுதான்.

பதாயர் மணல்மேட்டில் ஏற்றிப் பார்த்திருக்கிறான். லேப்டாப்பை மாட்டி, ஓடும்போது வண்டி பதிந்துவைத்த லாகை எடுத்தேன். இரண்டாவது கியரில் 7000 சுற்று, 2.6 பார், எல்லாம் சுத்தம். கியர் மாற்ற ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்த அந்த அரை நொடியில் சுற்று 3800-க்கு விழுந்திருந்தது. பூஸ்ட் 0.7. அதற்கு மேல் ஏறவே இல்லை. தார் ரோட்டில் கியர் மாற்றும்போது வண்டி தன் வேகத்திலேயே உருண்டுகொண்டு இருக்கும். மூச்சு வாங்க நேரம் கிடைக்கும். மேட்டு மணலில் காலை எடுத்தாலே பிரேக் போட்ட மாதிரி. டர்போவின் அத்தனை பெரிய சக்கரத்தை மறுபடி சுழற்றிவிட 3800 சுற்றில் வரும் புகைக்குத் தெம்பு போதவில்லை. டைனோவுக்கு மணல் தெரியாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த லாகைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி மேப்பில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை 7000-இல் தொடங்காமல் 4500-இல் தொடங்கினேன். 94-இன் மேப்பில் அந்தப் புள்ளி சர்ஜ் கோட்டை உரசிக்கொண்டு இருந்தது. அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் போனால் காற்று முன்னே போகாமல் திரும்பி அடிக்கும். புறா சிறகடிப்பது போல ஒரு சத்தம் வரும். இளவட்டங்களுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். பேரிங்குக்குப் பிடிக்காது. 80 மி.மீ. கம்ப்ரசரின் மேப்பில் 1.9 பாருக்குக் கணக்குப் போட்டால் அதே 4500 நல்ல இடத்தில் விழுந்தது. 7000 வலது ஓரத்துக்குக் கொஞ்சம் உள்ளே. குதிரை 1,100-க்குள். பையனிடம் சொன்னபோது அவன் முகம் போன போக்கை என்ன சொல்ல. முந்நூறு குதிரையைத் திருப்பிக் கொடு என்றால் யாருக்குத்தான் மனசு வரும்?

கம்ப்ரசர் பாதி வேலைதான். டர்போவில் புகை போகும் பக்கத்துக் கூட்டை, ஹவுசிங்கை, மேப் பார்த்து மட்டும் முடிவு செய்ய முடியாது என்பது என் அபிப்பிராயம். முன் மூன்று சிலிண்டர், பின் மூன்று சிலிண்டர் என்று புகையைப் பிரித்து அனுப்பும் இரட்டை வழி ஹவுசிங்தான் ஆறு சிலிண்டருக்கு எடுப்பேன்; அதில் யோசனை இல்லை. ஏ/ஆர், அதாவது அந்தப் புகை வழி எவ்வளவு பெரிது என்கிற எண், எவ்வளவு என்பதில்தான் தகராறு. சீக்கிரம் பூஸ்ட் வரட்டும் என்று 1.00 போட்டேன். வந்தது. ஆனால் 6000-க்கு மேல் இன்ஜின் கழுத்தைப் பிடித்த மாதிரி நின்றது.

புகை வெளியேறும் மேனிஃபோல்டில் சின்னத் துளை போட்டு மரை வெட்டினேன். ஏசிக்காரரிடம் ஒரு மீட்டர் செம்புக் குழாய் வாங்கி, சூடு தணியட்டும் என்று ஸ்பிரிங் மாதிரி நாலு சுற்றுச் சுற்றி, அதன் முனையில் கேஜை மாட்டினேன். உள்ளே போகும் அழுத்தம் 1.9, வெளியே போகும் புகையின் அழுத்தம் 3.6. அடுப்பு எரியுது, புகைபோக்கி அடைத்திருக்கிறது என்கிற கதைதான். 1.25-க்கு மாற்றியதும் 2.7-க்கு இறங்கியது. பூஸ்ட் 250 சுற்று தள்ளி வந்தது. போகட்டும் என்று விட்டேன். ஐந்து திர்ஹம் செம்புக் குழாய் சொல்கிற விஷயத்தை விற்கிறவர்கள் யாரும் சொல்வதில்லை.

வெயிலைப் பற்றியும் யாரும் கேட்பதில்லை. 25 டிகிரியில் போட்ட கணக்கை 45 டிகிரியில் ஓட்டினால் காற்று ஆறு சதவீதம் லேசாகிவிடும். அதே காற்றை உள்ளே தள்ள டர்போ இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். அதனால்தான் 7000 புள்ளியை மேப்பின் விளிம்பில் வைக்காமல் உள்ளே வைப்பது.

கழற்றிய 94-ஐ மேசையில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பிளேடுகளின் முன் விளிம்பை நகத்தால் வருடினேன். புதுசில் கத்தி மாதிரி இருந்தது, இப்போது வழவழவென்று மழுங்கி, ஆற்றுக் கல் போல இருந்தது. அத்தனை பெரிய வாய்க்கு ஏற்ற ஃபில்டர் வைக்க பானெட்டுக்குள் இடம் இல்லை என்று வெறும் கம்பிவலை போட்டிருந்தோம். பத்தே நாள் மணல். 80-க்கு நல்ல ஃபில்டர் வைக்க இடம் கிடைத்தது. இதை நான் திட்டமிட்டேன் என்று சொன்னால் பொய்.

டைனோவில் 1,090 வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பதாயரில் இருந்து ஒரு வீடியோ அனுப்பினான். மேட்டின் உச்சியில் வண்டி நிற்கிறது, கீழே கார்கள் எறும்பு மாதிரி தெரிகின்றன.

போன மாதம் ஆயில் மாற்ற வந்தான். கூட வந்த நண்பன் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கம் ஹிஸான்?" என்று கேட்டான். பையன் போனை எடுத்து அந்தப் பழைய 1,380 தாளைக் காட்டினான். என்னை ஒரு தடவை ஓரக்கண்ணால் பார்த்தான். நான் ஆயில் ஃபில்டரை இறுக்கிக்கொண்டு இருந்தேன்.